பரிசிலான் ஏரி

ஒரே ஒரு சொல்லால் ஒருவனுடைய வீடு போகுமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். என்னைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகிற சாலையில் 'பரிசிலான் ஏரி' என்று ஒரு பலகை நட்டிருக்கும். பக்கத்தில் நின்று கீழே குனிந்து கூப்பிட்டால் போதும், நான் நிமிர்ந்து பார்ப்பேன். ஆனால் மழைக்கு முன்னால் வந்துவிடச் சொல்லுங்கள்.

என் பெயர் சுந்தர்சிங். பெயரில்தான் சிங்கம் இருக்கிறது, ஆள் பயந்தாங்கொள்ளி. தாம்பரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. என் மனைவி ஜெயசீலி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில்தான் இருந்தோம். "டீச்சரம்மா, ரெண்டு குடத்துக்கு மேல தண்ணி எடுக்காதீங்க" என்று சொல்லாத வீட்டுக்காரர் ஒருவரைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அதனால் பெர்சி டிரைவர் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே ஜெயசீலி கழுத்தில் கையில் இருந்ததையெல்லாம் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

பெர்சி ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் என்ஜின் டிரைவர். ஆயுசெல்லாம் என்ஜின் அடுப்புக்கு முன்னால் வெந்தவர். ரிட்டயர் ஆனதும் கழுத்துவரைக்கும் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒன்றை வெட்டிச் சிமென்ட் பூசிக்கொண்டார். முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், ஆழமான பக்கம் ஆறடி, இறங்க ஓர் இரும்பு ஏணி. அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்விம்மிங் டேங்க். சாவியைக் கொடுக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்கு வெள்ளை அடிக்காட்டி பரவால்ல மேன், டேங்க்கை மட்டும் கிளீனா வச்சுக்கோ. ஒரு மாசம் விட்டே, அது உன்னை விடாது" என்றார். அவர் பாசியைப் பற்றிச் சொன்னார்.

சுத்தமாகத்தான் வைத்திருந்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அடியில் இருக்கும் ஓட்டையில் சாக்கு சுற்றிச் செருகியிருக்கும் மரக்கட்டையைப் பிடுங்குவேன். எங்கள் மனை மேட்டில் இருந்ததால், தண்ணீர் தானாகச் சரிவில் ஓடி வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போய்விடும். நாங்கள் இருவரும் உள்ளே இறங்கித் தென்னந்துடைப்பமும் செங்கல் பொடியுமாகப் பாசியைத் தேய்ப்போம். பிறகு கிணற்று மோட்டாரைப் போட்டு நிரப்புவோம். வேப்பிலை விழுந்தால் கிழிந்த கொசுவலையைக் கம்பில் கட்டி அரித்து எடுப்பேன். படிகாரத்தைத் துணியில் முடிந்து அலசுவேன். கடைசியில் பிளீச்சிங் பவுடர். சாயங்காலம் ஜெயசீலி பழைய புடவையோடு இறங்கி மல்லாந்து மிதப்பாள். இரண்டு குடத்துக்கு மேல் எடுக்காதே என்று சொல்ல யாரும் இல்லாத தண்ணீர். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே பயம் கொஞ்சம் குறையும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீடும் அந்தத் தண்ணீரும்தான் இருந்தன.

அந்த வருஷம் பிளீச்சிங் பவுடர் கடைகளில் காணாமல் போனது. பர்மிட் வேண்டும், அதற்குத் தெற்குப் புறநகர் நீர்நிலைத் தூய்மைக் காப்பு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள் என்றார்கள். அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. மின்விசிறி சுற்றினால் ஃபைல்களிலிருந்து கோதுமை மாவு பறந்தது.

அங்கே குமாஸ்தா சிட்டிபாபு பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு சார் பவுடர்?"

"ஸ்விம்மிங் டேங்க் கிளீன் பண்ண சார்."

பேனா நின்றது. "இங்கிலீஷ்ல எழுதக் கூடாது சார். இப்ப எல்லாம் தமிழ்லதான். ஒரு எழுத்து இங்கிலீஷ்ல இருந்தாலும் மெமோ கொடுத்துடுவாங்க." மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அகராதியை எடுத்து மாவைத் தட்டினார். "டேங்க்னா மூணு அர்த்தம் போட்டிருக்கு. தொட்டி, குளம், ஏரி."

"தொட்டிதான் சார்."

"தொட்டின்னா நகரசபைக்குப் போயிடும். குளம்னா கோயில் இலாகா வந்து நிப்பாங்க. ஏரின்னாத்தான் நம்ம ஆபீஸ்ல பவுடர் கொடுக்க முடியும். உங்களுக்குப் பவுடர் வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"அப்ப ஏரி" என்று எழுதிவிட்டார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் உள் அறையிலிருந்து அதிகாரி லோகநாதன் எழுந்து வந்தார். கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, புருவத்தில் லேசாக மாவு. என்னை உட்காரச் சொன்னார். சர்க்கார் ஆபீசில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

"மிஸ்டர் சுந்தர்சிங், இந்த ஆபீஸ் ஆரம்பிச்சு நாலு வருஷமாச்சு. மேஜை வந்தது, நாற்காலி வந்தது, பியூன் சவுரிமுத்து வந்தான். ஏரி மட்டும் வரல. செம்பாக்கம் ஏரியைக் கேட்டேன், அது வேற இலாகான்னுட்டாங்க. பள்ளிக்கரணை சதுப்பைக் கேட்டேன், அது யாரோடதுன்னே யாருக்கும் தெரியல. பெண்டாட்டி கேக்கறா, என்ன வேலை பாக்கறீங்கன்னு. நான் என்ன சொல்ல? உங்களை மாதிரி ஒருத்தர் தானா வந்து ஒரு ஏரியைக் கொடுப்பார்னு நான் கனவுலகூட நினைக்கல."

"நான் கொடுக்கல சார். பவுடர்தான் கேட்டேன்."

"வரும், வரும். மேலிடத்துக்கு எழுதறோம்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதுதான் முதல் பயம்.

அடுத்த வாரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. லோகநாதன், சிட்டிபாபு, நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு சவுரிமுத்து. சங்கிலியை நீளவாக்கில் போட்டார்கள். டேங்க் பாதியிலேயே முடிந்துவிட்டது. மிச்சச் சங்கிலி பின் வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனது.

"சமையக்கட்டு வரைக்கும் ஏரின்னு போட்டுக்கலாமா சார்?" என்று சிட்டிபாபு கேட்டார்.

"இப்போதைக்கு வேணாம். விஸ்தரிப்புன்னு வரும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு லோகநாதன் என் பக்கம் திரும்பினார். "இதை யார் வெட்டினது?"

"பெர்சி சார்."

"எந்தக் காலம்?"

"அவர் ரிட்டயர் ஆன காலம் சார். வீடு கட்டி ரொம்ப நாள் கழிச்சு வெட்டினார்."

"வீடு கட்டி அப்புறமா? ஏரியெல்லாம் வெட்டினது மன்னர்கள். மன்னர் காலத்துக்கு முன்னாடி கட்டின வீடா இது?"

"இல்ல சார்."

"அப்ப ஏரிதான் முந்தி. எழுதுய்யா. பெர்சிங்கறது என்ன பேரு, தமிழ்ல வரமாட்டேங்குதே. பரிசி... பரிசிலான். பரிசிலான் என்னும் குறுநில மன்னன் வெட்டிய ஏரி." அவர் அப்படியே வீட்டை நிமிர்ந்து பார்த்தார். "கரையிலேர்ந்து நூறடிக்குள்ள கட்டடம் எதுவும் இருக்கக் கூடாது. இது என்ன கட்டடம்?"

"என் வீடு சார்."

"குறிச்சுக்க. கரையில் ஆக்கிரமிப்பு, ஒன்று."

வெறும் வாய்ப்பேச்சாக இருக்கும், பெரிய மனுஷன் விளையாடுகிறார் என்று நினைத்து, சிரிக்கலாமா என்று சவுரிமுத்துவைப் பார்த்தேன். அவன் கண்ணாலேயே சிரிக்காதே என்றான்.

அப்போதுதான் லோகநாதன் குனிந்து அடியில் இருந்த மரக்கட்டையைப் பார்த்தார். "இது மதகா? யார் திறக்கறது?"

"நான்தான் சார். மாசம் ஒரு சனிக்கிழமை. கழுவறதுக்கு."

"அரசு ஏரியோட மதகை அனுமதி இல்லாம திறந்திருக்கீங்க. உள்ள இருக்கறதை வேற வழிச்சு எடுத்திருக்கீங்க. அதுக்குப் பேரு தூர் வாரறது. ரெண்டும் சேந்தா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு? ரயில்வேல வேலை பாக்கறவர் நீங்க."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் ராத்திரியெல்லாம் என்னைப் பிடுங்கித் தின்றது. கேஸ் என்று ஒன்று வந்தால் சஸ்பெண்ட், சஸ்பெண்ட் ஆனால் ஊர் வாய். அரக்கு முத்திரை வைத்த கயிறு ஒன்றைச் சவுரிமுத்து முங்கிப் போய்க் கட்டையில் கட்டினான். ஏரிக்கு மழைத்தண்ணீர்தான் வரலாம், மோட்டார் தண்ணீர் வரக் கூடாது என்று கிணற்று மோட்டாருக்கும் ஒரு முத்திரை. போகும்போது நான் மெதுவாகக் கேட்டேன், "சார், அந்தப் பவுடர்?"

"மேலிடத்துல இருக்கு" என்றார்.

பலகை நடுகிற அன்றைக்கு விழா வைத்தார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று பக்கத்து மனை ஜாபர் பாயைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஜாபர் எங்கள் வாழைக்குக் கீழே சரிவில் மோட்டார் ஷெட் வைத்திருந்த மெக்கானிக். டேங்க் தண்ணீர் அவர் ஷெட் ஓரமாகத்தான் ஓடும். ஆகவே அவருக்கு 'கடைமடை விவசாயி' என்று பெயர் வைத்து அட்டையில் எழுதிச் சட்டையில் குத்தியிருந்தார்கள்.

"இன்னா சிங் சார், விவசாயின்றாங்கோ? நான் நட்டு போல்ட்டுதான் பயிர் பண்ணிகினு கீறேன்" என்று என் காதில் சொன்னார்.

லோகநாதன் மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற மாதிரி பேசினார். "பெரியோர்களே, இந்த அலுவலகம் தோன்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நான்கு ஆண்டுகளில் நம் பொறுப்பில் உள்ள நீர்நிலை அசுத்தமாக இருக்கிறது என்று ஒரு புகார்கூட வந்ததில்லை. காரணம், நம் பொறுப்பில் நீர்நிலையே இல்லை. இன்றோடு அந்தக் குறை தீர்ந்தது. இனி நாமும் மற்ற அலுவலகங்களைப் போல அசுத்தத்தைப் பற்றித் தலைநிமிர்ந்து பேசலாம். ஓர் ஏரி மிகச் சுத்தமாக இருந்தால், அதைக் காக்க ஓர் அலுவலகம் எதற்கு என்று மேலிடம் கேட்கும். மிக அசுத்தமாக இருந்தால், அந்த அலுவலகம் என்ன கிழித்தது என்று கேட்கும். ஆகவே பரிசிலான் வெட்டிய இந்தப் பேரேரியை எந்நாளும் நடுத்தரமான அசுத்தத்தில் வைத்துக் காப்பேன் என்று உங்கள்முன் உறுதி கூறுகிறேன்."

சிட்டிபாபு கைதட்டினார். நானும் தட்டினேன். ஜெயசீலி மட்டும் தட்டாமல், அன்று காலையில் உலர்த்தியிருந்த தன் பழைய புடவையை மடித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். பலகையின் இரண்டாவது வரியில் 'இங்கே குளிக்கக் கூடாது' என்று இருந்தது.

பெர்சி சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு மாதத்தில் தண்ணீர் பச்சையானது. இன்னொரு மாதத்தில் பச்சை தடித்து ஆடையாகப் படிந்தது. தவளை வந்தது, கொசு வந்தது, நாற்றம் வந்தது. பள்ளிக்கரணைப் பக்கத்திலிருந்து வழி தவறிய நாரை ஒன்று வந்து ஏணியில் நின்றதும் லோகநாதன் ஜீப்பில் பறந்து வந்து தொப்பி வைத்தவர் மாதிரி சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அன்றிரவே எனக்கு ஒரு மெமோ வந்தது. கரையில் வசிப்பவரின் அஜாக்கிரதையால் ஏரி அசுத்தமடைந்திருக்கிறது, உடனே சுத்தமாக்காவிட்டால் நடவடிக்கை.

மறுநாள் நான் துடைப்பத்தை எடுத்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் வீட்டில், என் துடைப்பம், என் பாசி. ஆபீஸ்காரர்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, திருடன் மாதிரி ஏணியில் இறங்கி ஓர் ஓரத்தில் தேய்த்தேன். நாலு இழுப்பு இழுத்திருப்பேன்.

"சார், தொடப்பத்த கீழ போடுங்கோ" என்று மேலேயிருந்து குரல். சவுரிமுத்து, சாப்பாட்டு டப்பாவோடு. "உங்கள காவல் காக்க சொல்லி என்னிய போட்டுக்கீறாரு. சுத்தம் பண்ணா தூர் வார்ன கேசு. பண்ணாங்காட்டி அசுத்தம் பண்ண கேசு."

"அப்ப நான் என்ன செய்யணும் சவுரிமுத்து?"

அவன் டப்பாவைக் கரையில் வைத்தான். "பயந்துகினு இருங்க சார். அதுக்கு இன்னும் கேசு போடல" என்றான்.

அது நல்ல யோசனைதான். அதையே செய்தேன்.

பிறகு பரிசல் வந்தது. ஏரி ஆய்வு என்றால் தண்ணீரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று விதியாம். பக்கத்துச் சந்து குறுகல் என்பதால் பரிசலை வாசல் வழியாக எங்கள் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாண போட்டோவையும், 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற வசன அட்டையையும் இடித்துக் கீழே தள்ளிவிட்டுப் பின் வாசலால் வெளியே போனார்கள். லோகநாதனும் சிட்டிபாபுவும் ஏறி உட்கார்ந்தார்கள். துடுப்பை ஒரு போடு போட்டதும் பரிசல் ஒரு முறை சுற்றி எதிர்க்கரையில் இடித்தது. இன்னொரு போடு, மறுபடி இந்தக் கரை. இப்படி அரைநாள் ஆய்வு நடந்தது.

சமையலறை ஜன்னலுக்கு நேரே வரும்போது லோகநாதன் மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா வறுக்கறீங்க?"

"மீன் சார்" என்றாள் ஜெயசீலி.

"ஏரி மீனா?"

"வஞ்சிரம் சார். கடல் மீன். மார்க்கெட்ல வாங்கினது."

"இந்த ஏரில வஞ்சிரம் இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எப்போதும் வரும். "இந்த ஏரில தவளை இருக்கு சார். வேணும்னா அதை வறுத்துத் தரேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வறுத்த துண்டங்களைச் சாட்சிப் பொருளாகக் கைப்பற்றி, பரிசலில் வைத்துக்கொண்டு போனார்கள். சாட்சி ஆபீஸ் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்று சவுரிமுத்து பிற்பாடு சொன்னான்.

ஜாபர் பாய்க்கு மனசு கேட்கவில்லை. "கோர்ட்டுக்குப் போ சார். இது இன்னா பேஜாரு? ஜட்ஜு வந்து பாத்தா அஞ்சு நிமிசத்துல சிரிச்சுட்டு போய்டுவாரு" என்றார். ஜட்ஜ் வந்து பார்க்கும்வரை என் வேலை இருக்குமா என்று கேட்டேன். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றியது. வற்ற வற்ற எனக்குள் ஓர் ஆசை துளிர்விட்டது. தண்ணீரே இல்லையென்றால் ஏரியும் இல்லை, ஏரி இல்லையென்றால் கரை இல்லை, கரை இல்லையென்றால் நான் ஆக்கிரமிப்பு இல்லை. கடைசித் தவளையும் போன அன்று இதைச் சொல்லலாம் என்று மாவு மில் மாடிக்குப் போனேன். ஜெயசீலியும் கூட வந்தாள். அங்கே எனக்கு முன்னால் உத்தரவு தயாராக இருந்தது. கரையில் உள்ள கட்டடத்தைக் காலி செய்து அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

"சார், தண்ணியே இல்லையே" என்றேன்.

"தண்ணி இல்லாத ஏரியைத்தான் ஜாஸ்தி காப்பாத்தணும். தண்ணி இருந்தா அதுவே காப்பாத்திக்கும்" என்றார் லோகநாதன்.

"நாங்க எங்க சார் போவோம்? எங்களுக்குன்னு வேற இடம் கிடையாது சார்." சிட்டிபாபு மாவு விழாத பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோகநாதனுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் அவர் எழுந்து நின்று பேசுவார். "நாங்க ஈவு இரக்கம் இல்லாதவங்க இல்ல மிஸ்டர் சுந்தர்சிங். கரையில் வீடு கட்டறவன் வசதி உள்ளவன். அவனைத்தான் நாங்க காலி பண்றோம். போக்கிடம் இல்லாம ஏரிக்குள்ளேயே குடிசை போட்டுக்கறானே ஏழை, அவனை மழை வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. தொட்டா என் வேலை போயிடும். ஏரிக்குள்ள ஏழை இருந்தாத்தான் எங்களுக்கும் நல்லது. வருஷா வருஷம் ஏழைகளுக்குன்னு தனி அறிக்கை எழுதலாம். என்ன பண்றது, பரிசிலான் ஏரில ஒரு ஏழைகூட இல்லை."

வெளியே வந்ததும் ஜெயசீலி படியில் நின்றாள். "என்னங்க, அவர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. காலி பண்ணச் சொல்லிட்டார்."

"ஏரிக்குள்ள இருந்தா தொடக் கூடாதுன்னார்" என்றாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று புரிந்தபோது எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கட்டிலை இறக்கினோம். ஜாபர் பாய் லாரித் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து மேலே இழுத்துக் கட்டிக் கொடுத்தார். ஆழமான பக்கம் நிழல் அதிகம், அங்கே கட்டிலும் துணிப்பெட்டியும். ஆழமில்லாத பக்கம் அடுப்பு. ஏணிதான் வாசல். ஜெயசீலி கீழே விழுந்த வசன அட்டையை எடுத்துக்கொண்டு வந்து டேங்க்கின் சுவரில் மாட்டினாள். மறுநாள் லோகநாதன் வந்து குனிந்து பார்த்து, பரவசப்பட்டு, "ஏழைகள், இருவர்" என்று எழுதிக்கொண்டார்.

வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இடிக்கவில்லை. கடப்பாரைக்கு ஒப்புதல் மேலிடத்தில் இருந்தது. அதுவரை ஏரியை அருகிலிருந்து காக்க வேண்டுமென்று ஆபீஸே மாவு மில்லிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாறி வந்தது. கூடத்தில் சிட்டிபாபு. எங்கள் படுக்கையறையில் லோகநாதன். மத்தியானம் அவர் குறட்டை விடுவதும் என் மின்விசிறி கடகடப்பதும் கீழே எங்களுக்குக் கேட்கும். காலையில் எங்கள் வீட்டுக் கக்கூஸுக்கு நாங்கள் போய்வர வாய்மொழியாக அனுமதி கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மாதங்களில் ஒன்று நடந்தது. டேங்க் சுத்தமாகிவிட்டது. குடியிருக்கிற இடத்தைப் பெருக்காமல் ஜெயசீலியால் இருக்க முடியாது. தினமும் பெருக்கினாள், சனிக்கிழமை தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். வீட்டைப் பெருக்குவது தூர் வாருவதில் சேராது என்று சிட்டிபாபு அகராதியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். பெர்சி காலத்தில்கூட அந்தச் சிமென்ட் அப்படிப் பளிச்சென்று இருந்திருக்காது. அதுவும் ஆபத்தில் முடிந்தது. ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் லோகநாதன் படுக்கையறை ஜன்னலைத் திறந்து கவலையோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன மிஸ்டர் சுந்தர்சிங், ஏரி இவ்வளவு சுத்தமா இருக்கு? மேலிடத்துலேர்ந்து பார்வையிட வராங்க. நாங்க ஒண்ணும் பண்ணாமலே சுத்தமா இருக்குன்னு நினைச்சுடப் போறாங்க."

"என்ன சார் பண்ணணும்?"

"நான் பாத்துக்கறேன்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். காலையிலிருந்தே கிழக்கே, பள்ளிக்கரணைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஜெயசீலி அதைப் பார்க்காதவள் போலச் சோற்றைப் போட்டாள். மழை வர்ற வரைக்கும் என்பதுதானே உத்தரவு. அரக்கு முத்திரை வைத்த கட்டை என் காலடியில் இருக்கிறது. அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நான் எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன்.

"சார், மழை வந்தா இந்த மதகை மட்டும் திறந்துக்கலாமா?"

"எழுதிக் கொடுங்க. மேலிடத்துக்கு அனுப்பறோம்" என்றார் லோகநாதன். பிறகு முகம் மலர்ந்து, "உங்க பழைய மனு வந்துடுச்சு பாத்தீங்களா? நாங்க எதையும் மறக்கறதில்லை" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். கரையில், எங்கள் தலைக்கு நேர் மேலே, சவுரிமுத்து தோளில் ஒரு மூட்டையோடு நின்றிருந்தான். மூட்டை வாயிலிருந்து வெள்ளைப் பொடி லேசாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும்.

"பவுடர் சாங்சன் ஆயிட்ச்சு சார். ஏரி முச்சூடும் போட சொல்லி ஆர்டரு. பார்வை பாக்க வர்றதுக்குள்ள போட்டு முடிக்கணும்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "சாப்ட்டுகினு கீறீங்கோ. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

எந்தப் பக்கம் தள்ளிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயசீலி சோற்றுப் பானையை மூடி, மூடிமேல் கையை வைத்துக்கொண்டாள்.